விழ வந்தவர்களும் மடித்துக் கொடுத்த நானும்

மற்றத் தொழில்களில் வாடிக்கையாளர் விழுந்தால் மன்னிப்புக் கேட்பார்கள். எங்கள் தொழிலில் அவர் விழாமல் திரும்பி வந்தால்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு பழைய பண்ணைக் காணியைத் துப்புரவாக்கி, புல் ஓடுபாதை போட்டு, ஆட்களைச் சின்னப் பிளேனில் ஏற்றி, பத்தாயிரம் அடி உயரத்தில் கதவைத் திறந்து கீழே குதிக்கவைக்கிற இடத்தில் நான் வேலை செய்கிறேன். வருகிறவர் தனியே குதிப்பதில்லை. எங்கள் முதலாளி ரமணன் அண்ணையின் நெஞ்சோடு அவரைப் பட்டிகளால் இறுக்கிப் பூட்டிவிடுவோம். பரசூட் அண்ணையின் முதுகுப் பைக்குள் இருக்கும். அண்ணை நோர்வேயில் கனகாலம் இதே வேலையாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பரசூட்டை நாங்கள் குடை என்றுதான் சொல்வோம். பைக்குள் இரண்டு குடை. பெரிய குடையை மடிப்பது என் வேலை. அதற்காக என்னைத் தாய்லாந்துக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள். பெரியது பிசகினால் திறக்கவேண்டிய இரண்டாவது குடையை அண்ணையே மடிப்பார். அதற்கு வேறு லைசென்ஸ் வேண்டும். துணிக்கடையில் சீலை விரித்துக் காட்டிக் கை சோர்ந்தவர்களே, வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறவர்களே, பஸ்ஸில் மிச்சக் காசுக்காகப் பேச்சு வாங்குகிறவர்களே, உங்கள் நோவு எனக்கும் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆம்பிளை மடித்த குடை

வவுனியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்தார். வெள்ளைச் சேர்ட், பொக்கற்றில் பேனைகள். நான் பாயில் முழங்கால் குத்தி, துணிக்குள் இருக்கிற காற்றை நெஞ்சால் அமத்தி வெளியேற்றிக்கொண்டிருந்தேன். கிட்ட வந்து நின்று பார்த்தார். “ஆர் தங்கச்சி உதை மடிக்கிறது?” என்றார். நான்தான் என்றேன். “இல்லை, கடைசியா ஆர் மடிச்சு முடிக்கிறது?” அதுவும் நான்தான் என்றேன். அவர் ரமணன் அண்ணையிடம் போய், ஓடுபாதையின் மற்றத் தொங்கலுக்கும் கேட்கிற மாதிரி இரகசியம் சொன்னார்: “ஆம்பிளை மடிச்சது ஒண்டும் இல்லையே?”

அண்ணைக்குக் கோபம் வராது. “இருக்கு ஐயா. இதே பையுக்கை மற்றது நான் மடிச்சதுதான். ஆனா தங்கச்சியின்ரை குடை திறக்காட்டித்தான் என்ரை குடை திறக்கும். உங்களுக்கு எது வேணும்?” என்றார். மனிதர் யோசித்தார். ஒரு முழுச் சிகரெட்டுக்கு யோசித்தார். பிறகு என் பாயடியில் வந்து குந்தியிருந்து, “அவசரமில்லைத் தங்கச்சி, தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு ஆறுதலா மடியுங்கோ” என்றார்.

குதித்தார். தலைமயிர் எல்லாம் நட்டுக்கொண்டு நிற்க, சிரித்தபடி புல்லில் வந்து இறங்கினார். எல்லோருக்கும் கை குலுக்கினார். கடைசியாக என்னிடம் வந்து, பின்னால் காற்றுப் போய் விரிந்து கிடந்த துணியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீங்கள் வடிவாத்தான் மடிச்சனீங்கள் தங்கச்சி, குறை சொல்லேலாது. ஆனா மேலை போனவுடனை எல்லாம் குலைஞ்சு போச்சு.”

தராசு

ஆளுக்கு இவ்வளவு நிறைதான் என்று ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் அண்ணை ஏற்றமாட்டார். பட்டியும் குடையும் அதற்குமேல் பொறுப்பில்லை. ஒரு அரிசி ஆலை முதலாளி மனைவியோடு வந்து தராசில் ஏறினார். முள்ளு எல்லையைத் தாண்டிப் போய் நின்றது. தராசு பிழை என்றார். நான் ஏறிக் காட்டினேன், சரியாகத்தான் இருந்தது. சங்கிலியைக் கழற்றினார். மணிக்கூட்டைக் கழற்றினார். பேர்ஸ், போன், சப்பாத்து, பெல்ற் எல்லாம் மேசையில் வந்து ஒரு சின்னக் கடை மாதிரிக் குவிந்தன. சேர்ட்டின் மேல் பொத்தானில் கை வைத்தபோது நான் மற்றப் பக்கம் திரும்பினேன். அப்போது அவருடைய மனைவி சொன்னா: “காணும் இறங்குங்கோ, இனிக் கழட்டிறதெண்டால் காலமை திண்ட புட்டைத்தான் கழட்டோணும்.”

ராகுகாலத்தில் விழலாமா

கிளிநொச்சிக் கொந்தராத்துக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். பட்டி எல்லாம் பூட்டி, பிளேனடிக்கு நடக்கிற நேரத்தில்தான் அவருக்கு ராகுகாலம் நினைவு வந்தது. பிளேன் நல்ல நேரத்தில் எழும்பும். ஆனால் உயரத்துக்கு ஏறிக் கதவைத் திறக்கும்போது ராகுகாலம் தொடங்கிவிடும். எங்கள் விமானி கப்ரன் நிமல் நீர்கொழும்புக்காரர். எங்களோடு பழகித் தமிழ் பிடித்தவர். “பரவாயில்லை ஐயா, நான் கெதியா ஏத்திறன்” என்றார். கொந்தராத்துக்காரர் கேட்கவில்லை. ஏறுகிற நேரம் கணக்கா, குதிக்கிற நேரம் கணக்கா, கால் மண்ணில் படுகிற நேரம் கணக்கா என்று அவருக்கும் கூட வந்த மைத்துனருக்கும் அந்த வெயிலில் வாக்குவாதம் வந்தது. அண்ணை முழுப் பையையும் முதுகில் சுமந்தபடி வியர்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் தன் சாத்திரியாருக்குப் போன் எடுத்தார். சாத்திரியாருக்கு இப்படியான கேள்வி புதிது போலிருக்கிறது. கேள்வியைத் திரும்பவும் சொல்லவைத்தார். பிறகு ஏதோ சொன்னார். கொந்தராத்துக்காரரின் முகம் தெளிந்தது. போனை மைத்துனரிடம் கொடுத்துவிட்டுப் பிளேனை நோக்கி நடந்தபடி எங்களுக்குச் சொன்னார்: “எழும்புறதுக்குத்தானாம் நேரம் பாக்கோணும், விழுறது எந்த நேரமும் விழலாமாம்!”

குதிக்காத பொடியன்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பொடியன். வீடியோ போடுவதுதான் தொழில் என்றான். காற்றுக் கண்ணாடி போட்டால் வீடியோவில் தன் கண் தெரியாது, வேண்டாம் என்றான். காற்றில் கண்மடல் பின்பக்கம் போய்விடும் என்று சொல்லிப் போடவைத்தோம். வேட்டியோடு குதித்தால் நல்லாக இருக்கும் என்றான். துணி எழும்பி அண்ணையின் முகத்தை மூடினால் இரண்டு பேருக்கும் செத்தவீடுதான் என்று சொல்லி அதையும் மறித்தோம். பாதுகாப்பு விளக்கம் சொல்லும்போது அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: கமரா வேலை செய்யாவிட்டால் இரண்டாவது கமரா இருக்கிறதா? குடை திறக்காவிட்டால் என்ன என்று கேட்கவே இல்லை.

நல்ல குதிப்பு. காற்று ஓய்ந்து, வானம் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. இறங்கியவுடன் கமராவைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே மெமரிக் காட் இல்லை. அது அவனுடைய பயணப் பைக்குள், கொழும்பு ஹோட்டலில் இருந்தது. புல்லில் அப்படியே இருந்துவிட்டான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, “உங்களுக்குத் தெரியுந்தானே தம்பி, நீங்கள் குதிச்சனீங்கள். நாங்களும் கண்டனாங்கள்” என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. “நீங்கள் மட்டும் காணுறது காணாது அக்கா. அப்ப நான் இண்டைக்குக் குதிக்கேல்லை.”

கோரிக்கை என்றால் என்ன

சுவிஸில் பிறந்து வளர்ந்த கெவின் என்ற பொடியன் அண்ணையைத் தேடி வந்தான். அவனுக்குப் பிளேன் தேவையில்லை. மலை, பாலம், கட்டடம், கோபுரம் என்று அசையாமல் நிற்கிற எதிலிருந்தும் குதிக்கிற ஆள். அவனுடைய பை சின்னது. உள்ளே ஒரு குடைதான். நிலம் அவ்வளவு கிட்ட இருப்பதால் இரண்டாவது குடையை நினைக்கவும் நேரமில்லை. வன்னியில் குதிக்க நல்ல மலை எங்கே இருக்கிறது என்று கேட்டான். இங்கே இயற்கையாக உயர்ந்து நிற்பது புற்றுத்தான் என்றேன். அவன் கண் ரெலிபோன் ரவரில் போய் நின்றது. அண்ணை தெளிவாகச் சொன்னார்: “அதைச் சுத்தி இழுத்துக் கட்டின கம்பி இருக்கு. காத்து ஒருக்காத் திரும்பினால் உன்னைக் கொண்டுபோய்க் கம்பியிலை அடிக்கும். வேண்டாம்.” கெவின் தலையாட்டினான். அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்து, முல்லைத்தீவு றோட்டால் உள்ளே இறங்கி, ஒரு கிராமத்து ரவரில் ஏறிவிட்டான். காவல்காரர் தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தார்.

எங்கள் நாட்டில் ரவரில் ஏறுகிறவர் ஏதோ கேட்டுத்தான் ஏறுவார். ஊர் கூடிவிட்டது. பொலிஸ் வந்தது, கிராம சேவையாளர் வந்தார், பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்தார். “தம்பி, உங்கடை கோரிக்கை என்ன?” என்று கீழேயிருந்து கேட்டார். கெவின் மேலேயிருந்து அண்ணைக்குப் போன் எடுத்தான்: “அண்ணா, கோரிக்கை எண்டா என்ன?” நாங்கள் இரண்டு பேரும் மோட்டார்சைக்கிளில் பறந்தோம். போனபோது காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. அவன் ஒரு தட்டில் கால் தொங்கப்போட்டபடி இருந்தான். சனம் பார்த்துக்கொண்டிருப்பதால் இறங்க வெட்கம். இன்னும் கொஞ்சம் விட்டால் குதித்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணை ஒலிபெருக்கியை வாங்கி, “கெவின், உன்ரை லேஞ்சியை விடு பாப்பம்” என்றார். அவன் கழுத்தில் கட்டியிருந்த லேஞ்சித் துணியை அவிழ்த்து விட்டான். அது நேரே கீழே வரவில்லை. பக்கவாட்டில் போய்க் கம்பியில் அடித்து, சுற்றிக்கொண்டு நின்று படபடத்தது. கெவின் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழும்பி, ஏணியைப் பிடித்தான்.

இதற்குள் உறுப்பினர் மேலே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமலே, தண்ணீர்த் தாங்கிக்கும் பாலர் பாடசாலைக் கூரைக்கும் வாக்குக் கொடுத்து முடித்திருந்தார். கெவின் ஒவ்வொரு படியாக இறங்குவதைக் கண்டதும் சனத்துக்குள் நின்ற ஒருவர் பதறிக்கொண்டு முன்னுக்கு ஓடி வந்து கத்தினார்: “தம்பி, அவசரப்பட்டு இறங்கிப்போடாதேங்கோ! கிறவல் றோட்டுக்கும் ஒரு முடிவு வரட்டும்!”

மயில்

ஒரு மாசிமாதம், அறுவடைக்கு இன்னும் இரண்டு கிழமை. காற்று மாறி, அண்ணையும் வாடிக்கையாளரும் எங்கள் காணியைத் தாண்டிப் போய், விளைந்து நிற்கிற வயலொன்றின் நட்டநடுவில் இறங்கிவிட்டார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வயற்காரர் வரம்பில் நின்றார். கையில் கத்தி. சிவப்பும் மஞ்சளுமான குடை நெல்லுக்கு மேல் படுத்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், நட்டத்தைத் தருகிறோம் என்றேன், திரும்பவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை; வானத்தைப் பார்த்தார், பக்கத்துக் காட்டைப் பார்த்தார். “மன்னிப்புக் கேக்கிறதை விடுங்கோ பிள்ளை” என்று வாடிக்கையாளரைக் கையால் காட்டினார். “ரெண்டு மாசமா வெடி கொளுத்திறன், தகரம் தட்டுறன், ஒண்டுக்கும் அசையாத மயில் கூட்டம், உந்தாள் மேலையிருந்து கத்திக்கொண்டு வந்த வரத்திலை கண்காணாமல் பறந்திட்டுது. வாற கிழமையும் வந்து விழுங்கோ, அவரையே கூட்டிக்கொண்டு வாங்கோ.”

சரஸ்வதி அக்கா

இதை நான் பகிடியாகச் சொல்ல முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். பாதியில் குரல் மாறிவிடும். சரஸ்வதி அக்கா இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவா. அறுபதாவது பிறந்தநாளுக்கு லண்டனிலிருந்து மகன் இந்தக் குதிப்பைப் பரிசாகப் பதிவு செய்துவிட்டான். அக்கா மகனின் மனம் நோகக்கூடாது என்று வந்தா. சீலையை மாற்றிக் காற்சட்டை உடுப்புப் போட்டுவிட்டேன். அவ கேட்ட ஒரே கேள்வி, “எத்தினை மணிக்கு விடுவியள்? ஆட்டுக்குக் குழை வெட்டோணும்.”

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி மாதிரி வெளிக்கிட்டார்கள். குடை திறந்தது. திறந்த விதம் சரியில்லை. ஒரு பக்கம் மடங்கி, சுழலத் தொடங்கியது. சுழல்வது வேகமாகிக்கொண்டு வந்தது. நான் மடித்த குடை அது. காலையில் நான் தடவித் தடவி மடித்த ஒவ்வொரு மடிப்பும் என் கைக்குள் திரும்பி வந்தது. “வெட்டுங்கோ அண்ணை, வெட்டுங்கோ” என்று புல்வெளியில் நின்று கத்தினேன். அவருக்குக் கேட்காது என்று தெரியும். அண்ணை வெட்டிவிட, பெரிய குடை அவர்களை விட்டுக் கழன்று தனியே மிதந்து போனது. இரண்டு பேரும் விழுந்தார்கள். பிறகு அண்ணை மடித்த இரண்டாவது குடை வெள்ளையாக விரிந்தது. அது போகிற பக்கம் பார்த்து நான் ஓடத் தொடங்கினேன். பிறகு பரிசோதித்துப் பார்த்தபோது, மடிப்பில் பிழையில்லை, ஒரு கயிறு வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நைந்து, திறந்த வேகத்தில் அறுந்திருக்கிறது என்று அண்ணை சொன்னார். எல்லாக் கயிற்றையும் மாற்றினோம். ஆனால் அந்த நேரம் எனக்கு அது ஒன்றும் தெரியாது.

அவர்கள் ஒரு தரிசு நிலத்தில் இறங்கியிருந்தார்கள். அண்ணை ஒரே பூட்டை மூன்று தரம் பிடித்து இழுத்துத்தான் கழற்றினார். அதை நான் அன்றைக்குத்தான் முதலாவதாகக் கண்டேன். அக்கா சப்பாணி கட்டி இருந்து, வெள்ளைத் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் அவவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவ என் முதுகைத் தடவினா. “ஏன் பிள்ளை அழுறாய்? சண்டை நேரம் இரவிலை வெளிச்சத்துக்கு விடுற பரா லைற்றிலை வந்து விழுற சின்னக் குடை ஒண்டு அம்பிட்டுத்தான் என்ரை மகனைப் போட்டு ஆட்ட ஏணை கட்டினனான். அவனும் விழேல்லை, நானும் விழேல்லை. நல்ல துணி.”

இரண்டு குடை

நாங்கள் திரும்பி வந்தபோது, அடுத்ததாகக் குதிக்கவிருந்த வங்கி உத்தியோகத்தர் தன் மனைவியோடு கொட்டிலில் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இன்றைக்கு இனிப் பிளேன் எழும்பாது, மன்னித்துக்கொள்ளுங்கோ, வேறு நாள் வாருங்கோ என்று அண்ணை சொன்னார். அவர் பயந்துபோய்ப் பதிவை நீக்கச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “நான் ஆறுதலா வாறன், பிரச்சினையில்லை. ஆனா அந்த அக்காவுக்கு ரெண்டு குடையும் விரிச்சுக் காட்டினனீங்கள். எனக்கும் ரெண்டும் விரிக்கோணும், சொல்லிப்போட்டன்.”

என் முறை

அதற்குப் பிறகு சில நாட்களுக்கு ஒவ்வொருவரும் என்னையே பார்த்தார்கள். அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது. பாயில் முழங்கால் குத்தினாலே கை கூசியது. ஒரு காலை நானே ஒரு பையின் பெரிய குடையை மடித்து, அண்ணையின் முன்னால் வைத்து, “இதோடை நான் குதிக்கப் போறன், தனிய” என்றேன். தாய்லாந்தில் பயிற்சிக்குக் குதித்திருக்கிறேன். ஆனால் அது தெரியாத ஊரின் வானம். அண்ணை என் கண்ணைப் பார்த்தார், பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்தார். கதவு திறந்தது. கப்ரன் நிமல் திரும்பி, “வாசுகி, வாயை மூடிக்கொண்டு குதியுங்கோ, பூச்சி போகும்” என்றார். குதித்தேன். கத்தினேன். கைப்பிடியை இழுத்த அந்தக் கணம் முழுக்க நான் சரஸ்வதி அக்காவின் ஏணைத் துணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு இழுவை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். குடை சதுரமாக, நிறைந்து, ஒரு சுருக்கமில்லாமல் நின்றது. கீழே இரணைமடுக் குளம் வெயிலில் கிடந்தது. ஏ-ஒன்பது வீதியில் ஒரு லொறி ஊர்ந்தது. நான் அங்கே மேலே, ஒருவரும் காணாமல், நல்லாக அழுதேன்.

இறங்கியபோது என் கணவர் குமார் ஓடுபாதையோரம் நின்றார். அவர் ட்ராக்டர் திருத்துகிறவர். யாரோ சொல்லி, கையில் கிறீஸோடு ஓடி வந்திருக்கிறார். நான் ஹெல்மெற்றைக் கழற்றினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: “மேலையிருந்து வரேக்கை எங்கடை வீட்டுப் பக்கம் பாத்தனியே? தண்ணித் தாங்கியின்ரை மூடியைக் குரங்கு எங்கை கொண்டுபோய்ப் போட்டுதெண்டு தெரிஞ்சுதோ?”

ஆகவே, சக பாடுபடுகிறவர்களே, இந்தத் தொழிலில் நான் அறிந்தது இவ்வளவுதான்: குடை எப்போதாவது ஒருநாள் திறக்காமல் விடக்கூடும், ஆட்களின் வாய் ஒருநாளும் திறக்காமல் விட்டதில்லை.